வரவு இழந்த பாத்திரங்கள்: குறைந்த செலவில் உருவாகும் இணையத்தொடரில் துணைநடிகரின் பணி

1

தமிழில் நாடகம் பற்றியும் திரைப்படம் பற்றியும் வெளிவந்துள்ள ஆய்வுகளை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை ஆசிரியரையோ நெறியாளரையோ மையமாகக் கொண்டவை என்பது புலனாகும். நடிப்பைப் பற்றிப் பேசுவனவும் தலைமைப் பாத்திரத்தை ஏற்றோரைப் பற்றியே பேசுகின்றன. மூன்று நான்கு காட்சிகளில் தோன்றி, பத்துப் பன்னிரண்டு வசனங்களைப் பேசிச் செல்லும் துணைப்பாத்திரம் எவ்வாறு உருப்பெறுகின்றது, அதனை ஏற்கும் நடிகர் எதனை ஆதாரமாகக் கொண்டு அதனை வளர்க்கிறார் என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை.

இவ்வினா இன்று புதியதொரு முக்கியத்துவத்தைப் பெற்றுள்ளது. கையடக்கத் தொலைபேசியும் விலைகுறைந்த கமராவும் பரவியதன் பயனாக, திரைத்தொழில் என்றுமே வேரூன்றாத பிரதேசங்களிலும் குறும்படங்களும் இணையத்தொடர்களும் உருவாகி வருகின்றன. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம் ஆகிய இடங்களின் இளைஞர் பலர் இம்முயற்சியில் ஈடுபட்டுள்ளனர். பெருமுதலீடு இல்லாத இத்தகைய ஆக்கங்களில் நட்சத்திரங்கள் இல்லை. பிரமாண்டமான காட்சிகளும் இல்லை. ஒரு கிராமத்தை, அதன் மனிதரை, அவர்தம் பேச்சை நம்பத்தக்க முறையில் காட்டுவதே அவற்றின் பலம். அப்பலத்தைத் தாங்குபவர்கள் பெரும்பாலும் துணைநடிகர்களே.

ஆயின், இவ்விடயத்தில் கலைநுட்பத்துடன் சமூகப் பிரச்சினை ஒன்றும் பிணைந்துள்ளது. கதையின் தலைமைப் பாத்திரம் நகரத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ கிராமத்துக்கு வருபவராக அமையும்போது, அக்கிராமத்தில் வாழ்பவர் அனைவரும் துணைப்பாத்திரங்களாகி விடுகின்றனர். காணியைக் காப்பவர், தேநீர் கொண்டு வருபவர், வழிகாட்டுபவர் என்ற அளவிலேயே அவர்கள் இடம்பெறுகின்றனர். எனவே துணைப்பாத்திரத்தை வளர்ப்பது என்பது, பிறர் கதையின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட மக்களுக்கு அவர்களுக்குரிய முழுமையை மீட்டுக் கொடுக்கும் பணியுமாகும். இக்கட்டுரை அப்பணியின் இயல்பையும் வழிமுறைகளையும் விளக்க முற்படுகின்றது. கிளிநொச்சி மாவட்டத்தின் ஜெயபுரம் என்னும் கிராமம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

2

நவீன நடிப்புக் கோட்பாடுகளை நாடுவதற்கு முன்னர், நமது மரபுவழி அரங்கு இப்பிரச்சினைக்கு என்ன தீர்வு கண்டிருந்தது என்பதை நோக்குதல் பயனுடையது.

ஈழத்துக் கூத்து மரபிலே பாத்திரம் ஒன்று களரிக்குள் நுழைவது ‘வரவு’ எனப்படும். பாத்திரத்தின் தன்மையை அறிவிக்கும் பாடலை அண்ணாவியாரும் பக்கப்பாட்டுக்காரரும் பாட, அதற்குரிய தாளக்கட்டுக்கு ஆடிக்கொண்டு கூத்தர் வெளிப்படுவார். தான் யார், எந்நாட்டவன், எதற்காக வந்தான் என்பவற்றை அவரே சபையோருக்கு எடுத்துரைப்பார். அரசனுக்கு நீண்ட வரவு உண்டு. மந்திரிக்கும் தூதனுக்கும் குறுகிய வரவு உண்டு. அளவில் வேறுபாடு இருப்பினும், பாத்திரம் சிறிதென்பதற்காக வரவே மறுக்கப்படுவதில்லை. பாடலும் தாளமும் ஆட்டமும் கூடி, ஒரு சிறு பாத்திரத்தைக்கூடச் சபையோர் இனங்காணும்படி செய்துவிடுகின்றன.

வன்னியில் இம்மரபு ஆழமாக வேரூன்றியது. முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்து தனக்கேயுரிய பாணியில் ஆடப்பட்டு வந்துள்ளது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டுடன் வாழும் ஒரு சமூகத்துக்குக் கோவலன் கதை வெறும் கதையன்று என்பது சொல்லாமலே விளங்கும். காத்தவராயன் கூத்தும் வடபகுதியெங்கும் மாரியம்மன் வழிபாட்டுடன் இணைந்து நிலைத்தது. அக்கூத்தில் காத்தவராயனின் வெவ்வேறு பருவங்களை வெவ்வேறு கூத்தர் ஏற்பதுண்டு. தலைமைப் பாத்திரம் ஒருவரின் தனியுடைமையாகாமல், ஊரார் பலர் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பாக அங்கு மாறுகின்றது. காத்தவராயனின் துணைவனான சின்னானும் மக்கள் மனதில் நிலைத்த பாத்திரமாக விளங்குகின்றான்.

மட்டக்களப்பு மரபில் கூத்துப் பழகுவதற்குப் பல படிநிலைகள் உள்ளன. ஆளாளுக்குரிய பகுதியை எழுதிக் கொடுப்பதைச் ‘சட்டம் கொடுத்தல்’ என்பர். பின்னர் மாதக்கணக்காகப் பயிற்சி நடைபெறும். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் ஆகியவற்றைக் கடந்தே அரங்கேற்றம் நிகழும். சிறுபகுதியைப் பெற்றவரும் இப்படிநிலைகள் அனைத்தினூடாகவும் செல்வர். தமது பகுதியை மட்டுமே எழுத்திற் பெற்ற ஒருவர், பல இரவுகள் களரியோரத்தில் இருந்து பிறர் ஆடுவதைப் பார்த்து, முழுக்கூத்தையும் மனத்தில் வாங்கிக் கொள்வார். துணைப்பாத்திரத்தின் வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது இந்தக் கூட்டுவாழ்க்கையே எனலாம்.

3

இந்நிலை எவ்வாறு மாறியது? பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் மேற்கொண்ட கூத்துப் புத்தாக்கம் இங்கு நினைவுகூரத்தக்கது. கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன அம்முயற்சியின் பேறுகள். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, நகர்ப்புற மண்டபத்துக்கேற்ப ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்துக்குள் அடக்கப்பட்டது. கற்றோர் மத்தியிற் கூத்துக்கு மதிப்புத் தேடித்தந்த இம்முயற்சியின் வரலாற்று முக்கியத்துவம் மறுக்கவியலாதது. ஆயினும் சுருக்கம் என்பது எப்பொழுதும் தேர்வையும் உள்ளடக்கியது. நேரம் குறையும்பொழுது முதலில் குறைக்கப்படுவன சிறுபாத்திரங்களின் வரவுகளே. தலைமைப் பாத்திரத்தின் உளப்போராட்டம் ஆழமாகும் அதே வேளையில், சுற்றியுள்ளோரின் அறிமுகம் மெலிகின்றது.

இயற்பண்பு நாடகத்திலும் திரைப்படத்திலும் இப்போக்கு முற்றுப்பெறுகின்றது. அங்கு வரவுப்பாட்டு இல்லை. தன்னைத் தானே அறிமுகம் செய்யும் வழக்கமும் இல்லை. கதவைத் திறந்து ஒருவர் உள்ளே வருகிறார், இரண்டு சொற் பேசுகிறார், போய்விடுகிறார். பதினைந்து இருபது நிமிடங்களே நீளும் இணையத்தொடரின் ஓர் அங்கத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கலாம். எழுத்துருவில் அவருக்குப் பெயர்கூட இராது; ‘காவற்காரர்’, ‘கிழவி’, ‘கடைக்காரர்’ என்றே குறிக்கப்பட்டிருக்கும்.

கூத்திலே அண்ணாவியாரும் பக்கப்பாட்டும் மத்தளமும் சேர்ந்து செய்த வேலையை இப்பொழுது நடிகர் தனியொருவராகச் செய்ய வேண்டியுள்ளது. பாட்டின்றி, ஆட்டமின்றி, விளக்கமின்றி, தம் பாத்திரத்தின் வரவைத் தம் உடலிலும் பேச்சிலுமே அவர் சுமந்து வருதல் வேண்டும். துணைநடிகரின் பணியைச் சுருக்கமாக வரையறுப்பதாயின், இழந்த வரவை ஈடுசெய்தல் என்றே கூறலாம்.

4

இப்பணி எத்தகைய உற்பத்திச் சூழலில் நிகழ்கின்றது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். குறைந்த செலவில் தயாராகும் தொடர்களில் காட்சிகள் கதையின் ஒழுங்கிற் படமாக்கப்படுவதில்லை. ஒரு வீடு ஒருநாளைக்குக் கிடைத்தால், முதலாம் அங்கத்திலும் ஆறாம் அங்கத்திலும் அவ்வீட்டில் நிகழ்வன யாவும் அன்றே எடுக்கப்படும். துணைநடிகர் ஓரிரு நாட்களுக்கே அழைக்கப்படுவார். நீண்ட ஒத்திகைக்கு வாய்ப்பில்லை. ஒப்பனையாளரோ உடையலங்காரரோ இல்லாதவிடத்து, அணியும் சேட்டும் சாரமும் அவருடையவையாகவே இருக்கும். மாலை வெளிச்சம் மங்குவதற்குள் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால், ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் எடுக்கவும் இயலாது.

இவை யாவும் குறைகளே. எனினும் குறைகள் மட்டுமே என்று கொள்ளுதல் தவறு. வங்கத்தில் சத்யஜித் ராய் உருவாக்கிய ‘பதேர் பாஞ்சாலி’ இவ்வகையில் நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் படப்பிடிப்பு 1952 இல் தொடங்கி, பணமின்மையால் இடையிடையே நின்று, 1955 இலேயே நிறைவு பெற்றது. அதில் இந்திர் என்னும் முதிய அத்தையின் துணைப்பாத்திரத்தை ஏற்றவர் சுனிபாலா தேவி. முன்னர் மேடையில் நடித்து, பின்னர் மறக்கப்பட்டிருந்த அவருக்கு அப்பொழுது ஏறத்தாழ எண்பது வயது. படம் நீண்டுகொண்டே சென்றபொழுது அம்மூதாட்டி இறந்துவிடக்கூடாதே என்பது ராய்க்குப் பெருங்கவலையாக இருந்தது. படம் திரைக்கு வருமுன்னரே அவர் காலமானார். எனினும் இன்று அப்படத்தை நினைவுகூருபவர் எவரும் அக்கூனல் முதுகையும் பொக்கை வாய்ச் சிரிப்பையும் மறப்பதில்லை. விலைகொடுத்து வாங்கக்கூடிய எதுவும் அப்பாத்திரத்தை அவ்வாறு நிலைக்கச் செய்யவில்லை. ஒரு நீண்ட வாழ்க்கையின் தடம் அவருடைய உடலிலே இருந்தது. அதனை எங்கு எவ்வளவு வெளிப்படுத்துவது என்பதை அறிந்த பயிற்சியும் அவரிடம் இருந்தது.

இதனையொத்த பிறிதோர் உதாரணம் இத்தாலியிலிருந்து கிடைக்கின்றது. விட்டோரியோ டி சீக்கா 1948 இல் அளித்த ‘சைக்கிள் திருடர்’ படத்தில், வேலையிழக்கும் தந்தையின் அருகே நடந்துசெல்லும் சிறுவன் புரூனோவாக என்சோ ஸ்தையோலா தோன்றினான். முன்பின் நடித்தறியாத அச்சிறுவனை நெறியாளர் தெரிவு செய்தமைக்கு அவனுடைய நடையும் காரணமாக இருந்தது. தந்தையின் நீண்ட எட்டுகளுக்கு ஈடுகொடுக்கச் சிறுவன் ஓட்டமும் நடையுமாகச் செல்லும்பொழுது, அவர்களுக்கிடையிலான உறவு முழுவதும் பேச்சின்றியே புலப்பட்டு விடுகின்றது. கூத்தில் தாளக்கட்டு செய்த வேலையை இங்கு நடை செய்கின்றது எனலாம்.

5

இனி, பாத்திரமொன்று வளரும் முறையைக் கற்பனையான ஓர் எழுத்துருவைக் கொண்டு விளக்குவோம். வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞன் ஒருவன் வன்னியிலுள்ள தந்தையின் காணியை விற்க முயல்வதே தொடரின் கதை எனக் கொள்வோம். அக்காணியைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருபவர் ஜெயபுரத்தைச் சேர்ந்த ஒருவர். அவருக்கு நான்கு காட்சிகள். வசனங்கள் இருபதுக்கும் குறைவு. எழுத்துரு அவரைப் பற்றிக் கூறுவதெல்லாம் ‘காவற்காரர், வயது ஐம்பது’ என்பதே.

முதற்பணி, இந்த ஐம்பது வயதை வரலாறாக மாற்றுவதாகும். ஜெயபுரம் பூநகரிப் பிரதேச செயலர் பிரிவில், பூநகரியையும் மன்னாரையும் இணைக்கும் ஏ-32 வீதியை அண்டி அமைந்தது. மலையகத்திலும் தென்னிலங்கையிலும் 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களால் பாதிக்கப்பட்டு வடக்கே வந்த தோட்டத்தொழிலாளர் குடும்பங்கள் பல, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் குடியேற்றக் கிராமங்களில் வாழத் தலைப்பட்டன. இன்று ஐம்பது வயதுடைய நமது காவற்காரரை அத்தகைய குடும்பமொன்றைச் சேர்ந்தவராகக் கொண்டால், 1983 இல் அவர் எட்டு ஒன்பது வயதுச் சிறுவன். தேயிலை மலையிற் பிறந்து, காடுவெட்டிக் குடியமர்ந்த கிராமத்தில் வளர்ந்தவர். 2008 இன் பிற்பகுதியில் போர் பூநகரியை நெருங்கியபொழுது கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தவர். 2009 இல் செட்டிகுளம் முகாமில் அடைபட்டவர். பின்னர் மீண்டு வந்து சிதைந்த வீட்டைக் கட்டியவர். இவற்றுள் ஒன்றேனும் வசனத்தில் வரப்போவதில்லை. ஆயினும் இவை யாவும் தெரிந்த நடிகர் வேலிப்படலையைத் திறக்கும் முறைக்கும், தெரியாதவர் திறக்கும் முறைக்கும் வேறுபாடு உண்டு.

இரண்டாவது, தொழில். மனித உடலைச் செதுக்குவது அவன் செய்யும் வேலையே. கே. எஸ். பாலச்சந்திரன் மேடையிலும் வானொலியிலும் புகழ்பெறச் செய்த ‘அண்ணை றைற்’ என்னும் தனிநடிப்பை இதற்குச் சான்றாகக் காட்டலாம். பேருந்து நடத்துனர் ஒருவரின் குரல், விரைவு, பயணிகளுடன் அவர் நடத்தும் ஓயாத வாக்குவாதம் ஆகியவற்றிலிருந்தே ஒரு மனிதரும் ஒரு பேருந்தும் ஒரு சமூகமும் நம் முன் எழுகின்றன. தொழிலைக் கூர்ந்து நோக்கியதன் பயன் அது. நமது காவற்காரரின் தொழில் எது? காணியை வெறுமனே பார்த்திருப்பது அன்று. கதியால் வெட்டி நட்டு வேலி அடைப்பது, கிணற்றுக்கட்டைத் துப்புரவாக்குவது, கட்டாக்காலி மாடுகளைத் துரத்துவது, இடைப்போகத்தில் நிலக்கடலை போடுவது என்பன அவர் வேலைகள். 

ஒரு காட்சியில் இளைஞன் எல்லை எதுவெனக் கேட்கிறான். காவற்காரர் தொலைவிலுள்ள பாலைமரத்தைக் காட்ட வேண்டும். பயிற்சியற்ற நடிகர் மரத்தை உற்றுநோக்கி, கையை நீட்டிக் காட்டுவார். அவ்வெல்லையில் ஒவ்வொரு கதியாலையும் தாமே நட்டவர் மரத்தைத் தேடிப் பார்க்க மாட்டார். அவர் கை தானாகவே அத்திசைக்குச் செல்லும். பார்வை கேட்டவன் முகத்தில் இருக்கும். ஏனெனில் எல்லை எங்குள்ளது என்பது அவருக்குப் பிரச்சினையே அன்று. அதை ஏன் கேட்கிறான் என்பதே அவருடைய பிரச்சினை. காணியில் உழைத்தவர் ஒருவர், உறுதி வேறொருவரிடம் என்னும் முரண்பாடு, ஒரு கையசைவில் இவ்வாறு வெளிப்பட்டு விடுகின்றது. ஜேர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் சமூக உறவைப் புலப்படுத்தும் உடற்குறிப்பு என வற்புறுத்தியது இத்தகைய செயலையே.

மூன்றாவது, மொழி. ஈழத்துத் தமிழ் நாடகத்தில் பேச்சுவழக்குக்கு உரிய இடத்தைப் பெற்றுத் தந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. 1940 இல் வெளிவந்த ‘நானாடகம்’ தொகுதி அதன் வரலாற்றில் முக்கியமான ஒரு கட்டம். ஆயினும் அவர் கையாண்ட யாழ்ப்பாண வழக்கு, காலப்போக்கில் ‘ஈழத்துப் பேச்சு’ என்பதற்கே பதிலியாகக் கொள்ளப்பட்டமை பிற்கால நிலை. வன்னியில் நிகழும் கதையிலும் எல்லோரும் யாழ்ப்பாணத்தவர் போலப் பேசுவது யதார்த்தமாகாது. 

நமது காவற்காரரின் வீட்டுமொழி மலையக வழக்கு. தாயுடனும் மனைவியுடனும் அவர் ‘ஆமா’ என்பார், ‘போறேன்’ என்பார். பாடசாலையிலும் சந்தையிலும் கந்தோரிலும் அவர் கற்றுக்கொண்டது ‘ஓம்’ என்பதும் ‘போறன்’ என்பதும். எல்லையைக் காட்டும்பொழுது ‘பாலைமரம் வரைக்கும்’ என்று சொல்வாரா, ‘பாலைமரம் மட்டும்’ என்று சொல்வாரா? இது இலக்கணப் பிரச்சினை மட்டுமன்று. மலையகத்திலிருந்து வந்தோரைத் ‘தோட்டக்காட்டார்’ என இழித்துரைத்த ஒரு சமூகத்தில், தம் பேச்சை மாற்றிக்கொள்வது தற்காப்பும் ஆகும். எனவே காணி உரிமையாளரின் மகனிடம் அவர் கவனமாக ‘மட்டும்’ என்றே பேசிவருவார் எனக் கொள்ளலாம். காணி விற்கப்பட்டுவிட்டது என்று அறியும் காட்சியில், தம்மையறியாமல் ‘அப்ப நாங்க எங்க போறது?’ என்று வீட்டுமொழியில் அவர் கேட்டால், எழுத்துருவில் இல்லாத நாற்பதாண்டுக்கால வரலாறு ஒரு வினாவில் வெளிப்பட்டு விடும். இசையோ நெருக்கக்காட்சியோ இதற்குத் தேவையில்லை, செலவும் இல்லை. ஆனால், எந்தக் காட்சியில் எந்த வழக்கைப் பயன்படுத்துவது என்பதை நடிகர் முன்கூட்டியே தீர்மானித்திருத்தல் வேண்டும்.

இதனாலேயே, ஒழுங்குமாறிப் படமாக்கப்படும் தொடரில் நடிகர் தமக்கெனக் குறிப்பேடு ஒன்றைப் பேணுதல் அவசியமாகின்றது. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னர் பாத்திரம் எதை அறிந்திருந்தது, எதை அறியவில்லை, எவரிடமிருந்து எதை எதிர்பார்க்கின்றது, உடலில் என்ன களைப்பு உள்ளது என்பவற்றை அதிற் குறித்துக்கொள்ளலாம். காலையில் ஆறாம் அங்கத்தையும் மாலையில் முதலாம் அங்கத்தையும் நடிக்கும்பொழுது, பாத்திரத்தின் வளர்ச்சியைக் காப்பாற்றுவது அக்குறிப்பேடே.

6

மேற்கூறிய உழைப்பின்றேல் விளைவது என்ன? வார்ப்புப் பாத்திரமே விளையும். இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் உருவாக்கிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரையும், அதன்வழி 1976 இல் வந்த ‘கோமாளிகள்’ திரைப்படத்தையும் இவ்விடத்தில் நோக்கலாம். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் ஆகிய பாத்திரங்கள் இலங்கையில் வழங்கும் வெவ்வேறு பேச்சுமுறைகளை மக்களிடையே கொண்டுசென்றன. பல்வேறு சமூகத்தினரும் ஒரே கூரையின் கீழ் உரையாடுவதாகக் காட்டியதும், அதனை மக்கள் பெருவிருப்புடன் வரவேற்றதும் சாதாரண சாதனைகளல்ல. ஆயின் அங்கு வழக்குவேறுபாடு முதன்மையாகச் சிரிப்புக்குரிய அடையாளமாகவே பயன்பட்டது. அது நகைச்சுவைத் தொடரின் நியாயமான எல்லை. பின்வந்தோர் அவ்வெல்லையை உணராது, யதார்த்தக் கதைகளிலும் வழக்கைச் சிரிப்புக்கான முத்திரையாகக் கையாளுமிடத்தே தவறு நேர்கின்றது.

ஏங்கெல்ஸ் 1888 இல் நாவலாசிரியை மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில், வகைமாதிரியான சூழ்நிலையில் வகைமாதிரியான மாந்தரைப் படைப்பதே யதார்த்தம் என்ற கருத்தை முன்வைத்தார். வகைமாதிரி வேறு, வார்ப்பு வேறு. வார்ப்பு, ஒரு கூட்டத்தாரின் வெளியடையாளத்தை எடுத்து ஒருவர்மீது ஒட்டுகின்றது. வகைமாதிரியோ, ஒரு கூட்டத்தாரின் வரலாற்றைக் குறிப்பிட்ட ஒருவரின் வாழ்வினூடாகக் காட்டுகின்றது. போர்க்கால வன்னியைச் சித்திரிக்கும் திரையாக்கங்கள் பலவற்றில் அழும் தாய், மௌனமான விதவை, முன்னாட் போராளி ஆகியோர் வார்ப்புகளாகி வருவதைக் காண்கிறோம். அத்தாய் காலையில் எத்தனை மணிக்கு எழுவாள், எவருக்குக் கடன் கொடுக்க வேண்டும், எதற்குச் சிரிப்பாள் என்பவற்றை எழுத்துருவும் நடிகையும் கேட்கத் தவறியதன் விளைவே அது.

தமிழகத்து இணையத்தொடர்களுள் 2022 இல் வெளியான ‘விலங்கு’ இவ்வகையில் கவனத்துக்குரியது. பிரசாந்த் பாண்டியராஜ் நெறிப்படுத்திய அத்தொடரில், காவல்நிலையத்தில் எடுபிடி வேலைகளைச் செய்துகொண்டு ஓரமாக ஒதுங்கியிருக்கும் கிச்சா என்னும் பாத்திரத்தை ரவி என்னும் நடிகர் ஏற்றார். கதையின் முடிச்சு அப்பாத்திரத்திடமே உள்ளது என்பது பிற்பகுதியில் தெரியவரும்பொழுது பார்வையாளர் அதிர்ச்சியடைகின்றனர். அதுவரை அவனை எவரும் பொருட்படுத்தவில்லை, பார்வையாளரும் பொருட்படுத்தவில்லை. ஏவலாளை மனிதனாக நோக்காத நமது பழக்கத்தையே அத்தொடர் தனது மர்மத்துக்குக் கருவியாக்கியது எனலாம். முதல் அங்கங்களில் அந்நடிகர் தம்மை முன்னிறுத்த முயன்றிருப்பின் தொடரே சிதைந்திருக்கும். தேவையான அளவுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தமையே அந்நடிப்பின் சிறப்பு.

7

இது நம்மை இறுதியானதொரு கருத்துக்கு இட்டுச் செல்கின்றது. துணைப்பாத்திரத்தை வளர்த்தல் என்பது காட்சியைத் தன்பால் இழுத்துக்கொள்வதன்று. வசனத்தை நீட்டுவதும், பிறர் பேசும்பொழுது முகத்தைச் சுழிப்பதும், கமராவின் கவனத்தை நாடுவதும் வளர்ச்சியாகா. துணை என்னும் சொல்லின் பொருளை உணர்ந்த நடிகர், எதிரிலிருப்பவர் பேசுவதை முழுமையாகக் கேட்பார். அவர் கேட்கும் முறையிலிருந்தே பேசுபவரின் இயல்பும் பார்வையாளருக்குப் புலப்படும்.

சிலப்பதிகாரத்து வாயிலோன் இதற்குத் தக்க சான்று. கண்ணகியின் வரவைப் பாண்டியனுக்கு அறிவிப்பதே அவன் பணி. கொற்றவையோ காளியோ என்றெல்லாம் அவன் தடுமாறும் அந்தச் சில அடிகளில், அவையில் எவரும் இன்னும் காணாத ஒரு பெண்ணின் சீற்றத்தை அவனுடைய அச்சத்தினூடாகவே நாம் காண்கிறோம். அவன் தன்னைப் பற்றி எதுவும் கூறவில்லை. ஆயினும் அவனின்றிக் கண்ணகிக்கு அத்தகைய வரவு அமைந்திராது.

பிரெக்டின் நாடகமொன்றைத் தழுவி, அவைக்காற்று கலைக் கழகம் க. பாலேந்திராவின் நெறியாள்கையில் மேடையேற்றிய ‘யுகதர்மம்’ மற்றொரு சான்று. பாலைவனத்தில் தாகித்திருக்கும் வணிகனுக்குச் சுமைகூலி தண்ணீர்க் குடுவையை நீட்டுகிறான். அது கல்லென எண்ணி வணிகன் அவனைச் சுட்டுவிடுகிறான். கூலி முதலாளியை வெறுப்பதே இயல்பு, எனவே வணிகன் அஞ்சியதும் இயல்பு எனக் கூறி நீதிமன்றம் அவனை விடுவிக்கின்றது. நாடகத்தின் பொருள் முழுவதும் அந்தக் குடுவையை நீட்டும் கையில் தங்கியுள்ளது. அதனைத் தியாகமாகக் காட்டினால் நாடகம் கண்ணீர்க் கதையாகிவிடும். மிரட்டலாகத் தோன்றும்படி நீட்டினால் தீர்ப்பு நியாயமாகிவிடும். தன்னிடம் தண்ணீர் இருந்தும் முதலாளி தாகத்தால் இறந்தால் தன்மீது பழி வருமே என்ற எளிய அச்சத்துடன் நீட்டும்பொழுதுதான் அந்நீதியின் கொடுமை விளங்கும். ஒரு சிறுபாத்திரத்தின் ஒரு செயலைச் சரியாகத் தெரிவு செய்வதில் எவ்வளவு தங்கியுள்ளது என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

8

தொகுத்து நோக்குமிடத்து, கூத்திலே சமூகம் தன் சிறுபாத்திரங்களுக்கு வரவு அளித்து மதித்தது. சுருக்கமும் இயற்பண்பும் அவ்வரவை நீக்கின. அதனை ஈடுசெய்யும் பொறுப்பு நடிகரிடம் வந்து சேர்ந்துள்ளது. வரலாறு, தொழில், மொழி ஆகியவற்றைக் கூர்ந்து கற்பதே அதற்கான வழி. இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. ஆனால் காலமும் மதிப்பும் தேவை. இங்கு தயாரிப்பாளருக்கும் நெறியாளருக்கும் கடமையுண்டு. துணைநடிகருக்கு அவர் பகுதியை மட்டும் கொடாது முழு எழுத்துருவையும் கொடுத்தல், படப்பிடிப்புக்கு முன் ஒருநாளேனும் அனைவரும் ஒன்றாக இருந்து அதனை வாசித்தல், வன்னிக் கதையாயின் வன்னி மக்களையே நடிக்கவும் பேச்சைத் திருத்தவும் அழைத்தல், அவர்களுக்குரிய ஊதியத்தைக் குறைவின்றி வழங்குதல் ஆகியன குறைந்த செலவிலும் செய்யக்கூடியவை.

பல்கலைக்கழகங்களின் நாடகத்துறையினரும் தமிழ்ச் சங்கங்களும் இத்துறையில் செய்யக்கூடியது அதிகம். வன்னிக் கிராமங்களின் பேச்சுவழக்குகள், தொழில்கள், இடப்பெயர்வு நினைவுகள் ஆகியவற்றைப் பதிவுசெய்வது மொழியியலாளருக்கும் வரலாற்றாய்வாளருக்கும் மட்டுமன்றி நடிகருக்கும் பயன்படும். ஜெயபுரத்திற் பிறந்த ஒருவர் தம் கிராமத்துக் கதையின் தலைமைப் பாத்திரமாக வரும் காலம் வரவேண்டும், அது வரும். அதுவரை, பிறர் கதைகளில் அவருக்குக் கிடைக்கும் நான்கு காட்சிகளும், யாரோ ஒரு காவற்காரர் என்று கடந்துபோக முடியாதனவாக அமைதல் வேண்டும்.